அழாத குழந்தைகளின் டாக்டர்

அழுகிற குழந்தையை எங்கள் டாக்டர் பார்க்க மாட்டார். இத்தனைக்கும் அவர் குழந்தைகள் டாக்டர். அழுகைச் சத்தமே ஆகாத மனுஷன் எதற்காக இந்தப் படிப்பைப் படித்தார் என்று அந்தக் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பல்லுக்கோ எலும்புக்கோ படித்திருக்கலாம். நிம்மதியாக இருந்திருப்பார், நாங்களும் இருந்திருப்போம்.

அங்கே நடைமுறை இதுதான். குழந்தை அழுதால் அதன் முறை தள்ளிப்போகும், அடுத்த குழந்தை உள்ளே போகும். நாம் பலூன் அக்காவிடம் போக வேண்டும். பலூன் அக்கா அந்த க்ளினிக்கின் உதவியாளர். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. மூலையில் விரித்த ரப்பர் பாய், ஆடும் பிளாஸ்டிக் குதிரை, ஒரு டப்பா நிறைய பலூன், சோப்புக் குமிழி ஊதும் குப்பி, எல்லாம் அவர் ராஜ்யம். பலூனுக்கு மசியாத குழந்தைக்குக் குமிழி. குமிழிக்கும் மசியாவிட்டால் செல்போனில் பொம்மைப் படம். குழந்தை கண் கொட்டாமல் பார்க்க ஆரம்பித்ததும், "இப்ப போங்க, சட்டுன்னு போங்க" என்று நம் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிடுவார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைப்பார், தொண்டையைப் பார்ப்பார், எடை போடுவார், கன்னத்தைத் தட்டுவார். குழந்தை இன்னும் குமிழி எங்கே என்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான், வெளியே வந்துவிடலாம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி நீலம் பாரித்துப் போனாள். இழுத்துப் பிடித்துக் காப்பாற்றியவர் அவர்தான். அன்றிலிருந்து என் கணவருக்கு அவர் சொன்னதுதான் சட்டம். எனக்குக் கோபம் இரட்டிப்பாக வருவதும் அதனால்தான். அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட மனிதருக்கு, எதிரே உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சொன்னது மட்டும் கேட்கவில்லை.

மகளுக்கு நாலரை வயது தாண்டிவிட்டது. அவள் அப்பா வைத்த செல்லப் பெயர் கட்டெறும்பு. கடிப்பாள் என்பதால். கடிப்பது மற்றவர்களை அல்ல, தன் மணிக்கட்டை. அந்த இடத்துத் தோல் குதிகாலைப் போலக் காய்த்துக் கிடக்கிறது. வீட்டுக் கதவை அவள்தான் சாத்த வேண்டும். மறந்துபோய் வேறு யாராவது சாத்திவிட்டால், எல்லோரும் வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, அவள் கையால் சாத்தும்வரை வீடு ரெண்டுபடும். தரையில் மல்லாந்து விழுந்து பின்மண்டையால் இடிப்பாள். என் கணவர் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே வெளியே போய், சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் ஊராருக்கு "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டுகிற மனிதர். வீட்டுக்குள் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பேச்சு இருக்கிறதா என்றால் இருக்கிறது. தாகமெடுத்தால் "தண்ணி வேணுமா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வராது. நான் அவளைக் கேட்கும் கேள்வி எதுவோ அதை அப்படியே, என் குரலிலேயே திருப்பிக் கொடுப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள், அம்மா மேல் இந்த வயதிலேயே எவ்வளவு அக்கறை என்று உருகிப் போவார்கள். அக்கறையெல்லாம் ஒன்றும் இல்லை. தொண்டை காய்ந்து போய் நிற்கிறாள்.

இதையெல்லாம் நான் டாக்டரிடம் சொல்லாமல் இல்லை. போகும்போதெல்லாம் சொன்னேன். மணிக்கட்டைக் காட்டினேன், தடவக் களிம்பு எழுதிக் கொடுத்தார். தூக்கம் இல்லை என்றேன், பகலில் தூங்க விடாதீர்கள் என்றார். பகலிலும் தூங்குவதில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு தடவை, அவள் தரையில் கிடந்து இடிப்பதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய் நீட்டினேன். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. வீடியோவில் எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும், படம் எடுப்பதை விட்டுவிட்டுத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தூக்கினால் இன்னும் கத்துவாள் என்பதை அவரிடம் யார் சொல்வது?

இரண்டு வருஷமாக இந்தக் கூத்துதான். போன தடவை போனதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வழக்கம்போலக் குமிழி ஊதி, மயக்கி, உள்ளே அனுப்பினார் பலூன் அக்கா. டாக்டர் அவளைப் பார்த்து, "உன் பேர் என்ன?" என்றார். அவளும் மேலே பார்த்தபடி, "உன் பேர் என்ன?" என்றாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சரியான வாயாடி, என்னையே பேர் கேட்கிறாள், இவளுக்குப் போய்ப் பேச்சில் குறை என்கிறீர்களே என்றார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு டாக்டர் அவர் பக்கம் மட்டும் திரும்பி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குத்தான் யார்கிட்டயாவது பேசினா நல்லது" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்த வாக்கியம் எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நாத்தனார் போன் செய்து, நீ கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள், எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்காதே என்றார். மாமியார் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே ஒரு பரிதாபம் வந்து உட்கார்ந்துகொண்டது. குழந்தை மண்டையை இடித்துக்கொள்கிறது, பைத்தியம் எனக்கா?

நான் வேலை பார்ப்பது மின்சாரப் புகார் பிரிவில். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கரண்ட் இல்லை, கம்பி அறுந்தது, மீட்டர் புகைகிறது என்று சொல்பவர்களிடம் பேச வேண்டும். எங்கள் பயிற்சியில் முதல் பாடமே, சொல்பவர் வீட்டில் கரண்ட் இல்லை என்றால் இல்லை. "இங்க எரியுதே" என்று சொல்கிற வேலை நமக்கு இல்லை. ஆள் அனுப்பிப் பார்க்கத்தான் வேண்டும். பத்தாவது படித்து முடித்த பிள்ளைகள்கூட ஒரே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள்.

கோபப்பட நேரம் இருந்திருந்தால் நான் பாட்டுக்குக் கோபப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன். நேரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் குழந்தை வளர்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. பேச, விளையாட, கலங்காமல் இருக்கப் பழக்குகிறார்கள். பெற்றவர்களுக்கும் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித் தருகிறார்கள். போய்ப் பார்த்தேன். ஐந்து வயது முடிவதற்குள் சேர்த்தால்தான் உண்டு, முடிந்துவிட்டால் இங்கே எடுக்க மாட்டோம் என்றார்கள். அதோடு, குழந்தையைத் தொடர்ந்து பார்த்துவரும் டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வேறொரு டாக்டரிடம் ஓடினேன். ஒரே தடவை பார்த்துவிட்டு எழுத முடியாது, உங்கள் டாக்டரிடமே வாங்குங்கள் என்றுவிட்டார். மழலையர் பள்ளியிலோ, ஏதாவது வழி செய்துகொண்டு வாருங்கள், அதுவரை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆக, என் மகள் பள்ளிக்குப் போவதும் போகாததும் பலூன் அக்காவின் குமிழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் ஒரு கையெழுத்தில் நின்றது. பிறந்தநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று முறை வாங்கினேன். என் கணவர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குத் துணையாக என்றார். நான் டாக்டரிடம் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வந்தார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். வண்டியில் போகும்போதே, பதமாகப் பேசு, பெரிய மனுஷர், மனசு நோகக் கூடாது என்று பாடம் எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

க்ளினிக் வாசலில் கண்ணாடிக் கதவுக்குப் புதிதாக ஒரு இரும்புக் கை மாட்டியிருந்தார்கள். தள்ளிவிட்டால் போதும், கதவு தானாக மூடிக்கொள்ளும். ஏசி வீணாகக் கூடாதாம். நாங்கள் உள்ளே நுழைந்தோம். மகள் திரும்பினாள், சாத்துவதற்குக் கையை நீட்டினாள். அவள் கை போய்ச் சேர்வதற்குள் கதவு தானே வந்து ஒட்டிக்கொண்டது. நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப உள்ளே வந்தேன். மறுபடி அது முந்திக்கொண்டது. ஆளாக இருந்தால் கெஞ்சலாம், வெளியே போய்த் திரும்ப வரச் சொல்லலாம். கதவிடம் என்ன சொல்வது?

அவ்வளவுதான், மல்லாந்து விழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். பலூன் அக்கா குப்பியோடு ஓடி வந்து குமிழி ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. செல்போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார், மகள் அதைத் தட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து எங்களைக் கூப்பிட்டார்கள். பலூன் அக்கா, அழுகை நிற்கட்டும், அடுத்தவர்களை அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. இத்தனை நாளும் நானும் அங்கே நின்று அடுத்தவர்களுக்கு வழி விட்டிருக்கிறேன். அன்று மகளை அப்படியே, உதைக்கிற காலும் திமிறுகிற உடம்புமாக, வாரி எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். பின்னால் என் கணவர், "ஏய், ஏய்" என்று வந்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, மேஜையில் யாரோ டீயைக் கொட்டிவிட்டது போல ஒரு முகச்சுளிப்பு. "வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். நான் மகளைத் தரையில் விட்டேன், வேறு வழியும் இல்லை, கையில் நிற்கவில்லை. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் இடிக்க ஆரம்பித்தாள். தலைக்கும் தரைக்கும் நடுவே என் கையைக் கொடுத்தேன். "வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, சமாதானம் ஆனதும் பாக்கலாம்" என்றார் மறுபடி.

"சமாதானம் ஆயிட்டா நீங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது டாக்டர்" என்றேன். "நீங்க பாக்க வேண்டியது இதுதான். நான் எழுந்திருக்கப் போறதில்ல."

அவர் மணியை அழுத்தினார். பலூன் அக்கா வாசலில் வந்து நின்று குமிழி ஊத, இரண்டு மூன்று குமிழிகள் எங்கள் தலைக்கு மேலே மிதந்து போயின. தயவுசெய்து ஊதாதீர்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். அவர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குப்பியை மூடினார். என் கணவர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்திரி, மானம் போகுது" என்றார். போனால் போகட்டும். இரண்டு வருஷமாக எனக்குப் போகாத மானமா? என் விரல் முட்டிகள் தரையில் நசுங்கிக்கொண்டிருந்தன. கையை எடுக்க முடியாது. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை நான்.

டாக்டர் எழுந்தார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, தொண்டை பார்க்கும் டார்ச்சை எரியவிட்டு, "பாப்பா, இங்க பாரு" என்று நீட்டினார். மகள் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பல்லில் கொடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் குனிந்தார், வெளிச்சம் அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா."

அதே குரல். அந்தச் சலிப்பு, அந்த 'ம்மா'வில் வரும் இழுப்பு, எல்லாம் டாக்டருடையது. தரையில் கிடந்து, தலையை என் கைமேல் இடித்துக்கொண்டே, அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா. வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா." அவளுக்கு வெளியே போகத்தான் வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு அந்த அறையில் கிடைத்த ஒரே வாக்கியம் அதுதான்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. டார்ச்சை அணைத்தார். அறை வெளிச்சத்தையும் பாதி அணைக்கச் சொல்லி பலூன் அக்காவுக்குக் கை காட்டினார். பிறகு நிஜமாகவே தரையில் உட்கார்ந்தார், பேன்ட் கசங்கும் என்று பார்க்காமல். அவளைத் தொடவில்லை. அந்த மனிதர் ஒரு அழுகிற குழந்தையை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அழுகை தேய்ந்து, விம்மலாகி, அவள் என் மடியில் துவண்டு கிடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யார் யாரோ எங்கள் முறை எப்போது என்று கேட்பது கேட்டது.

எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். எதற்கெல்லாம் வரும், எப்படி நிற்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா, விரலால் சுட்டிக் காட்டுவாளா, மற்ற குழந்தைகளோடு விளையாடுவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் அருமையான கேள்விகள். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறியாமை என்றால்கூட மன்னித்திருப்பேன். தண்ணீர் கேட்பது எப்படி என்று நான் சொன்னபோது என் கணவர் சுவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்காருங்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் தரையிலேயே இருந்தேன்.

மேஜைக்குப் போய் மையத்துக்குக் கடிதம் எழுதினார். அவசரம் என்று மேலே அடிக்கோடிட்டு எழுதினார். காதை ஒரு முறை சோதித்துவிடலாம் என்று அதற்கும் தனியாக எழுதினார். மையத்துத் தலைமை டாக்டரிடம் தானே போனில் பேசுவதாகவும், பிறந்தநாளுக்கு முன்னால் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, என்னைப் பார்த்து, நல்லவிதமாக, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

வாய்க்கு வந்ததைக் கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும். மகள் மடியில் தூங்கிப் போயிருந்தாள். கத்த முடியாது.

"சொன்னா டாக்டர்" என்றார் என் கணவர். சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் சொன்னா. உங்ககிட்டயும் சொன்னா, என்கிட்டயும் சொன்னா. நாம ரெண்டு பேரும்தான் சிரிச்சோம்."

டாக்டர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஒரு வார்த்தையால் என் கணவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன், கை வீங்கி விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் கடிதத்தை வாங்கினேன். டாக்டர் கடிதத்தைச் சட்டென்று விடவில்லை, ஒரு நொடி பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். காய்ச்சலுக்கு மருந்து எழுதித் தந்தபோதெல்லாம் நான் கும்பிட்டு நன்றி சொல்லியிருக்கிறேன். அதைத்தான் எதிர்பார்த்து நின்றார், பாவம், பழக்கம். என் கணவர் அவசர அவசரமாக, "ரொம்ப நன்…" என்று ஆரம்பித்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மீதியை விழுங்கிக்கொண்டார்.